புராஸ்டேட் வீக்கத்துக்கு மூலிகை கேப்ஸ்யூல்: வாங்கும் முன் சென்னையில் செய்ய வேண்டியவை

ராத்திரி மூன்று முறை, நான்கு முறை எழுந்திருக்கிறீர்கள். போய் நின்றால் உடனே வருவதில்லை. வந்தாலும் விட்டுவிட்டு வருகிறது. முடிந்தது என்று திரும்பினால் இரண்டு சொட்டு வேட்டியில். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்க்கிறீர்கள். இதை யாரிடமாவது மெதுவாகச் சொன்னால், அடுத்த நிமிடம் அவர் ஒரு கேப்ஸ்யூல் பெயரைச் சொல்லிவிடுவார்.

என் அப்பாவுக்கு 68 வயது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஒரு பாட்டில் அனுப்பினாள். எதிர் ஃபிளாட் மாமா ஒரு சூரணம் கொண்டுவந்தார். மெடிக்கல் ஷாப்பில் மூன்றாவதாக ஒன்றை எடுத்து நீட்டினார்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னும் பின்னும் ஒரு மகன் செய்ய வேண்டியிருந்த வேலைகள் இவை.

பொறுமை இல்லாதவர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகம் விற்கும் சா பால்மெட்டோ என்ற மூலிகை, நல்ல ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. வேறு ஒன்றிரண்டுக்குச் சின்ன அளவில் ஆதாரம் உண்டு. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இவற்றில் எதுவும் வீங்கிய அந்தச் சுரப்பியைச் சுருக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. கேப்ஸ்யூலால் வரும் கெடுதல் பெரும்பாலும் சிறியது. அதை நம்பி டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவதால் வருவதுதான் பெரியது.

1. இந்த நிலைமைகளில் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள்

சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, வயிறு வலிக்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அவசரம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் கேஷுவால்டிக்கு ஆட்டோ பிடியுங்கள். டியூப் போட்டு வடிப்பார்கள். நிமிடங்களில் நிம்மதி வரும். வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் கொடுத்து ‘இளக்கிவிட’ப் பார்ப்பது அந்த நேரத்தில் மிக மோசமான யோசனை. வெளியேற வழி இல்லாத சிறுநீர்ப்பைக்குள் இன்னும் நீரை நிரப்புவதுதான் அது.

சிறுநீரில் ரத்தம், குளிரோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத முதுகெலும்பு வலி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கேப்ஸ்யூல் பேச்சே வேண்டாம். ரத்தம் ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் சரி, காட்டியே ஆக வேண்டும்.

2. மூன்று நாள் நோட்டு

செலவே இல்லாத வேலை இது. ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. மி.லி. கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று வாங்கிப் பாத்ரூமில் வையுங்கள். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மி.லி., என்ன குடித்தீர்கள் என்று எழுதுங்கள். அப்பா முதலில் முகம் சுளித்தார். அப்புறம் பேங்க் பாஸ்புக் மாதிரி கோடு போட்டு அழகாக எழுத ஆரம்பித்துவிட்டார்.

இந்த நோட்டு எதற்கு? ஒரு நாள் முழுக்க வெளியேறும் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்திலேயே போகிறது என்றால் (காலையில் எழுந்ததும் போகும் முதல் முறையும் இதில் சேர்த்தி), ராத்திரி எழுவதற்குப் புராஸ்டேட் மட்டும் காரணமாக இருக்காது. சர்க்கரை, பகலில் கால் வீங்கி ராத்திரி படுத்ததும் அந்த நீர் இறங்குவது, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு சொம்பு மோர் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். எந்தப் புராஸ்டேட் கேப்ஸ்யூலும் இதைத் தொடப்போவதில்லை.

கூடவே ஐ.பி.எஸ்.எஸ். என்ற கேள்வித்தாளையும் நிரப்புங்கள். யூராலஜி டாக்டர்கள் எல்லோரும் பயன்படுத்துவது, கேட்டால் தருவார்கள். கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். முழுதாகப் போகாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாத அவசரம், வேகம் குறைவது, முக்கிப் போவது, இரவில் எழுவது என்று ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். மொத்தம் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘கேப்ஸ்யூல் கேட்டதா இல்லையா’ என்பதற்கு இந்த எண்தான் சாட்சி.

3. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை மேஜையில் பரப்புங்கள்

அட்டைகளை எல்லாம் கொட்டி ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். சளிக்கு நாமே கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைதான் இதில் முதல் குற்றவாளி. குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் போன்றவை சேர்ந்த சளி மாத்திரைகள் வீங்கிய புராஸ்டேட் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அப்படியே அடைத்துவிடக்கூடும். மார்கழியில் ஜலதோஷத்துக்கு இரண்டு வேளை போட்டு, மூன்றாவது வேளை கேஷுவால்டியில் நிற்பவர்கள் உண்டு.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்து வேலை செய்யும் விதமே சர்க்கரையைச் சிறுநீர் வழியே தள்ளுவதுதான். அதிகம் போகத்தான் செய்யும். ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி எழ வேண்டியதுதான். பிரஷருக்கான அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். அதன் பலன் இரவில் தெரியும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்தை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே இந்தப் பட்டியலைக் கொண்டுபோய், நேரத்தை மாற்றலாமா, மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கள். இந்த ஒரு விசாரிப்பிலேயே சிலருக்கு இரவில் எழுவது குறைந்துவிடும்.

4. டாக்டரும் டெஸ்ட்டும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘கிட்னி டாக்டர்’ என்று கேட்டால் நெஃப்ராலஜி டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது யூராலஜிஸ்ட். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே அந்தத் துறையின் பெயரைச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனை என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் யூராலஜி உண்டு. ஓ.பி. சீட்டுக்குப் பணம் இல்லை, நேரம்தான் விலை. காலையில் சீக்கிரமே வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனிக் கிழமை என்பதால், முதல் நாளே சீட்டில் என்ன கிழமை போட்டிருக்கிறது என்று பார்த்து அதே கிழமையில் மறுபடி வாருங்கள். ஸ்கேனுக்குப் பெரும்பாலும் வேறொரு தேதி தருவார்கள். ஆதார் நகல், போன், பழைய சீட்டுகள், மாத்திரைப் பட்டியல், மூன்று நாள் நோட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். வரிசையில் நிற்பவருக்கு நடுவில் பாத்ரூம் போக வேண்டியிருக்குமே!

தனியாரில் தோராயமாக ஆகும் செலவு: யூராலஜிஸ்ட் ஃபீஸ் ₹500 முதல் ₹1,000, வயிற்று ஸ்கேன் ₹1,000 முதல் ₹2,000, பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட் (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு; புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்ப்பது) ₹500 முதல் ₹1,000, யூரோஃப்ளோ (சிறுநீர் போகும் வேகத்தை மெஷினில் அளப்பது) ₹500-லிருந்து. யூரின் ரொட்டீன், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் சில நூறுக்குள் முடியும். பெரிய மருத்துவமனையில் எல்லாமே இன்னும் மேலே போகும். கைக்கடக்கமான லேப் என்றால் குறையும். டாக்டர் எழுதினால் தவிர ‘ஃப்ரீ பி.எஸ்.ஏ.’வும் சேர்த்து எடுக்கத் தேவையில்லை. முதலில் டோட்டல் போதும். கவுன்ட்டரில் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பார்கள்.

ஸ்கேனில் இரண்டு எண்கள் ரிப்போர்ட்டில் வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று சுரப்பியின் அளவு, சி.சி. கணக்கில். இன்னொன்று சிறுநீர் போன பிறகு பைக்குள் மிச்சம் எத்தனை மி.லி. என்பது. வெறுமனே ‘கிரேடு 2 புராஸ்டேட் வீக்கம்’ என்று எழுதிக் கொடுத்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சுரப்பி எவ்வளவு பெரியது என்பதும் தொந்தரவு எவ்வளவு என்பதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. 30 சி.சி. வைத்துக்கொண்டு தவிப்பவரும் உண்டு, 70 சி.சி.யோடு நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு. மிச்சம் 50 மி.லி.க்குள் என்றால் பொதுவாகக் கவலையில்லை. 200, 300 என்று போனால் கேப்ஸ்யூலை வைத்துப் பரிசோதனை செய்து பார்க்கும் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். சிறுநீரகத்துக்கே அழுத்தம் போகலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் ‘நல்லா தண்ணி குடிங்க’ என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பை அளவுக்கு மீறி நிறைந்துவிட்டால் நல்ல பையே முழுதாகக் காலியாகாது, மிச்சம் பொய்யாகக் கூடிவிடும். முட்டுகிறது என்றால் வரிசையைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். போய்விட்டு வந்ததும் உடனே மறுபடி படுக்க வைக்கவும் சொல்லுங்கள். யூரோஃப்ளோவிலும் இதே கதைதான். குறைந்தது 150 மி.லி. போனால்தான் அந்த வரைபடத்துக்கு அர்த்தம். வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்ற பதற்றத்தில் 80 மி.லி. மட்டும் போயிருந்தால், இன்னொரு முறை எடுக்கக் கேளுங்கள்.

பி.எஸ்.ஏ.வுக்கும் நேரம் பார்க்க வேண்டும். யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தால் அது ஆறி ஆறு வாரம் கழித்து எடுப்பது நல்லது. உறவு கொண்டதற்கும் நீண்ட சைக்கிள் ஓட்டத்துக்கும் பிறகு இரண்டு நாள் விடுங்கள். முடி வளர பயோட்டின் அதிக டோஸில் சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் ரீடிங்கைக் கெடுக்கும். சுரப்பியைச் சுருக்க டாக்டர் எழுதும் டூடாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 2.5 என்றால் டாக்டர் அதை 5 என்றுதான் படிப்பார். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

வழக்கமாக 4 நானோகிராமுக்கு மேல் போனால் அடுத்த கட்ட விசாரணை. 4-க்கு மேல் என்பதால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கீழே என்பதால் இல்லவே இல்லை என்றும் அர்த்தமில்லை. அதனால்தான் ஆசனவாய் வழியே விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்கிறார்கள். அரை நிமிட வேலை, மறுக்காதீர்கள்.

5. எந்தச் சரக்குக்கு என்ன ஆதாரம்

இப்போதுதான் பாட்டிலுக்கு வருகிறோம்.

சா பால்மெட்டோ: அமெரிக்காவின் தென்கிழக்கில், ஃபுளோரிடா பக்கம் வளரும் ஒரு குட்டைப் பனையின் பழச்சாறு. 2006-ல் 225 ஆண்களுக்கு ஒரு வருடம், தினம் 160 மி.கி. இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. டோஸ் போதவில்லை என்று சிலர் சொன்னார்கள். 2011-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 369 பேருக்கு டோஸை மூன்று மடங்கு வரை, 960 மி.கி. வரை ஏற்றி 72 வாரம் பார்த்தார்கள். அதிலும் அதே விடை.

அந்த 2011 ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிஜ கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கு மார்க் சராசரியாக 2.2 குறைந்தது; வெற்று கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 3 குறைந்தது. அதாவது, ‘எனக்கு இதைச் சாப்பிட்டதும் குறைஞ்சுது’ என்று பெரியப்பா சொல்வது பொய்யே இல்லை. குறைந்திருக்கும். உள்ளே சர்க்கரை மாவு இருந்திருந்தாலும் குறைந்திருக்கும். இந்த நோய் தானாகவே சில மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் நாம் பாட்டில் வாங்குகிறோம். அப்புறம் இறங்கும்போது புகழ் பாட்டிலுக்குப் போகிறது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஹெக்ஸேன் என்ற கரைப்பானைக் கொண்டு எடுத்த ஒரு வகைச் சாற்றுக்கு ஐரோப்பிய யூராலஜி வழிகாட்டுதலில் பலவீனமான பரிந்துரை இருக்கிறது, முக்கியமாக மாத்திரைகளின் பாலியல் பக்கவிளைவை விரும்பாதவர்களுக்கு. பலன் சிறியதாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்கிறார்கள். எந்த முறையில் எடுத்தது என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா பாருங்கள். நான் புரட்டிப் பார்த்த எதிலும் போடவில்லை.

பீட்டா சிட்டோஸ்டெரால்: தாவர எண்ணெய்களில் இருக்கும் கொழுப்புப் பொருள். மொத்தம் 519 பேர் கலந்துகொண்ட நான்கு ஆய்வுகளில் தொந்தரவு மார்க் கிட்டத்தட்ட 5 குறைந்தது, வேகமும் கொஞ்சம் கூடியது. இந்தப் பட்டியலில் ஓரளவு மரியாதையான எண் இதுதான். ஆனால் எல்லாம் ஆறு மாதத்துக்கு மேல் போகாத ஆய்வுகள். சுரப்பியின் அளவும் குறையவில்லை.

பூசணி விதை: ஜெர்மனியில் 1,431 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். விதையின் சாற்றை அடைத்த கேப்ஸ்யூல் வெற்று கேப்ஸ்யூலைத் தாண்டவில்லை. விதையை அப்படியே சாப்பிட்டவர்களில் 58.5 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வெற்றுக் குழுவில் 47.3 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான். ஆனாலும் ட்ரை ஃப்ரூட்ஸ் கடையில் கால் கிலோ வாங்கித் தினம் ஒரு கைப்பிடிக்கும் குறைவாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதையே கேப்ஸ்யூலாக நாலு மடங்கு விலைக்கு வாங்குவதில்தான் ஆட்சேபணை. மஞ்சள் பூசணி, அதாவது பரங்கி விதை. சாம்பாரில் போடும் வெள்ளைப் பூசணியின் விதை அல்ல.

பைஜியம் என்ற ஆப்பிரிக்க மரப்பட்டை, கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் மகரந்தம், செந்தட்டி போலவே அரிக்கும் நெட்டில் செடியின் வேர்: மூன்றுக்கும் பழைய, குறுகிய கால ஆய்வுகள் உண்டு. லேசான நிவாரணம் காட்டின. அதற்கு மேல் அவற்றை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது.

வைட்டமின் ஈ, செலினியம்: இவை ‘புராஸ்டேட் ஹெல்த்’ என்ற பெயரில் பாட்டிலுக்குள் கலந்து வரும். தனியாகச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். 35,533 ஆண்களை வைத்து நடந்த ஆய்வில் இவை புற்றுநோயைத் தடுக்கவில்லை. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-ல் அறிவித்தார்கள். துத்தநாகமும் தினம் 40 மி.கி.க்கு மேல் வேண்டாம். நீண்ட நாள் போனால் உடம்பில் செம்பு குறைந்துவிடும்.

நெருஞ்சில், மாவிலங்கப் பட்டை, சிலாசத்து: நம் ஊரில் நீர்க்கடுப்புக்கும் கல்லுக்கும் காலம் காலமாகக் கொடுப்பவை. சா பால்மெட்டோவைச் சோதித்த அளவுக்குப் பெரிய, நீண்ட ஆய்வு இவற்றுக்குப் புராஸ்டேட் வீக்கத்தில் நடக்கவில்லை. நெருஞ்சில் கஷாயம் குடிக்கிறவர்கள் காலையில் குடியுங்கள். சாயங்காலம் குடித்துவிட்டு ராத்திரி எழுகிறேன் என்று சொல்லக் கூடாது.

6. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது சட்டப்படி உணவுப் பொருள். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரி சின்ன எழுத்தில் அதிலேயே இருக்க வேண்டும். முன்பக்கம் என்னதான் பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கத்து அந்த வரியைத்தான் நான் நம்புவேன். ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் தயாரிப்பு லைசென்ஸ் எண் இருக்கும். இரண்டும் இல்லாத பாட்டிலை, யார் கொடுத்தாலும், திருப்பிக் கொடுங்கள்.

‘ஆபரேஷன் இல்லாமல் 30 நாளில் குணம்’ என்று போனில் வரும் விளம்பரத்தைப் பற்றி ஒரு தகவல். 1954-ன் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. புராஸ்டேட் சுரப்பிக் கோளாறு அதில் இருக்கிறது. அந்த விளம்பரமே சட்டத்துக்குப் புறம்பு என்றால் உள்ளே இருக்கும் சரக்கை எதை வைத்து நம்புவது?

உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் போதும். அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்று ஒரு மூலிகைக் கலவை புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்களிடம் பிரபலமாக இருந்தது. சோதித்தபோது ரத்தத்தை இளக்கும் வார்ஃபரினும் செயற்கை ஈஸ்ட்ரோஜனும் கலந்திருந்தது தெரிந்து 2002-ல் திரும்பப் பெற்றார்கள். 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஏதாவது ஒன்று இருந்தது.

நம் ஊர்ப் பொறி இன்னொன்று: புராஸ்டேட்டோடு ‘ஆண்மை’யையும் சேர்த்து விற்கும் பாட்டில்கள். இந்த வகைச் சரக்கில் வயாக்ராவில் இருக்கும் சில்டெனஃபிலைச் சொல்லாமல் கலந்து மாட்டிக்கொண்டவை ஏராளம். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது உயிருக்கே ஆபத்து, பிரஷர் சரிந்துவிடும். இதய நோயாளிகள் இந்த வகையறாவைத் தொடவே வேண்டாம்.

7. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால்

அப்பா அதில் உறுதியாக இருந்தார். அதைத் தடுக்க வேண்டியதில்லை; ஆனால் நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வாங்குவதும், படித்த சித்த மருத்துவரைப் பார்ப்பதும் வேறு வேறு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, மின்சார ரயிலில் இறங்கினால் பக்கம்தான். அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் காலை ஓ.பி. பார்க்கலாம், பணம் பெரிதாக ஆகாது.

போகும்போது ஸ்கேன், பி.எஸ்.ஏ., கிரியாட்டினின் ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோங்கள். கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உலோகமும் தாதுவும் சேரும் பற்பம், செந்தூரம் வகை கொடுப்பதா என்று அவர் முடிவெடுக்க அது தேவை. தரும் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பெயரில்லாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு யூராலஜிஸ்ட் முன்னால் உட்கார்ந்தால் அவருக்கும் ஒன்றும் புரியாது.

8. காலக்கெடு வைத்து, ஒரே ஒரு சரக்கு

டெஸ்ட் எல்லாம் பார்த்தாயிற்று, தொந்தரவு லேசானது, மிச்சம் குறைவு, பி.எஸ்.ஏ. சரி, டாக்டரும் ‘வேணும்னா சாப்பிட்டுப் பாருங்க’ என்றார் என்றால் தாராளமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஆரம்பித்த தேதியை நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஏழு கேள்விகளை மறுபடி நிரப்புங்கள். 3 மார்க்காவது குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். குறைந்தால் அது கேப்ஸ்யூலா, மோரை நிறுத்தியதா என்று தெரியாதுதான். ஆனாலும் நிம்மதி நிம்மதிதானே, தொடருங்கள். வருடம் ஒரு முறை பி.எஸ்.ஏ.வையும் மிச்சத்தையும் மட்டும் விடாதீர்கள்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். வெளிநாட்டுப் பாட்டில் ₹1,500-லிருந்து ₹3,000 வரை, உள்ளூர்ப் பாட்டில் ₹400-லிருந்து ₹900 வரை, ஒன்று ஒரு மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ வரும். சிறுநீர் வழியின் தசையைத் தளர்த்த டாக்டர் எழுதும் டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரை பிராண்டைப் பொறுத்து ஒன்று ₹10 முதல் ₹25 வரை. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் கேட்டால் இன்னும் நன்றாகக் குறையும். ‘இயற்கை மருந்து மலிவு’ என்ற நினைப்பு இந்த விஷயத்தில் எப்போதும் சரியாக இருப்பதில்லை.

டாம்சுலோசின் சில நாட்களிலேயே வேலை செய்ய ஆரம்பிக்கும். முதல் சில நாள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், படுக்கையில் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போகலாம். கெடுதல் இல்லை, ஆனால் முன்கூட்டியே தெரியாவிட்டால் பயந்துவிடுவீர்கள். கண்புரை ஆபரேஷன் திட்டம் இருந்தால் இந்த மாத்திரையைத் தொடங்கும் முன்பே கண் டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணின் ஐரிஸ் என்ற திரை தளர்ந்து ஆபரேஷனைச் சிக்கலாக்கும். டூடாஸ்டரைடு வேறு வகை. அது சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

9. ஆபரேஷன் பேச்சு வந்தால் காகிதங்கள்

மாத்திரைக்கும் கேட்கவில்லை, அடிக்கடி அடைக்கிறது, கல் வந்துவிட்டது என்றால் உள்வழியாகச் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. அல்லது லேசர் பற்றிப் பேசுவார்கள். சப்ளிமென்ட் எது சாப்பிட்டாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சா பால்மெட்டோவால் ரத்தக் கசிவு கூடியதாகச் சில பதிவுகள் இருப்பதால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாமல் இதய டாக்டரின் எழுத்து வாங்கி வாருங்கள்.

மெடிக்ளெய்ம் பாலிசி புதிது என்றால் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். பல பாலிசிகளில் புராஸ்டேட் வீக்கத்துக்கு முதல் 24 மாதம் கவரேஜ் கிடையாது. முதல் சீட்டில் ‘எத்தனை வருடமாகத் தொந்தரவு’ என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் கம்பெனி முதலில் படிக்கும். டாக்டர் கேட்கும்போது குத்துமதிப்பாக ‘ரொம்ப வருஷமா’ என்று சொல்லாமல் சரியான மாதத்தைச் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றும் தேவை. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்பதால், ஆபரேஷன் தேதி குறித்த பிறகு ஓடாதீர்கள். டாக்டர் முதல் முறை அந்தப் பேச்சை எடுத்த அன்றே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் அதைத் திருத்தவே தனியாக ஒரு வரிசை.